எழுதி வைத்த சமையல் குறிப்பு திரும்பச் செய்யும்போது ஏன் சொதப்புகிறது?

கேட்டிருப்பது சுருக்கமாக இது. சென்னையில் அடுக்குமாடி வீடு. பாட்டியின் பழைய நோட்டு ஒன்று கையில் இருக்கிறது. எதிர்வீட்டு குஜராத்தி அக்கா, மாடி வீட்டு மலையாளி சேச்சி, ஆபீஸ் தோழிகள், யூடியூப் என்று பல பக்கமிருந்தும் குறிப்புகள் சேர்ந்து முன்னூறைத் தாண்டிவிட்டன. செய்து பார்த்தால் பாதிக்கு மேல் சரியாக வருவதில்லை. இதை எப்படித்தான் சேகரிப்பது? பானங்களுக்கும் சேர்த்துச் சொல்லவும்.

பெரும்பாலும் கோளாறு உங்கள் சமையலில் இல்லை, குறிப்பை எழுதிய விதத்தில் இருக்கிறது. நாம் எழுதிக்கொள்வது சாமான் பட்டியலை மட்டும்தான். எந்தக் கரண்டி, எந்தத் தண்ணீர், எந்த மாதம், எவ்வளவு பெரிய வாணலி என்பதெல்லாம் விட்டுப்போகிறது. சொல்பவருக்கு அது கண்ணெதிரே இருப்பதால் சொல்லத் தோன்றாது. கேட்பவருக்குக் கேட்கத் தெரியாது. 'கைப்பக்குவம்' என்று நாம் கும்பிட்டு ஒதுக்கி வைப்பதில் முக்கால்வாசி இப்படி விட்டுப்போன விவரம்தான். அதை எழுதிவிட முடியும்.

தராசு இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்

இரண்டு தராசு வேண்டும். 5 கிலோ வரை தாங்கும், 1 கிராம் துல்லியம் உள்ள சமையலறைத் தராசு ஒன்று. ஈஸ்ட், ஆப்ப சோடா, பெருங்காயம், ஏலக்காய் போன்றவற்றுக்கு 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று. பெரிய தராசில் 2 கிராம் சோடாவை நிறுத்தால் அது 1 என்றும் காட்டும், 3 என்றும் காட்டும்.

இனி அளக்கும் முறை. உங்கள் மாமியார் வத்தக்குழம்பு வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "பொடி எவ்வளவு அத்தை?" என்று கேட்டால் "ரெண்டு ஸ்பூன் இருக்கும்" என்பார். அந்த ஸ்பூன் பொடி டப்பாவுக்குள்ளேயே வருஷக்கணக்காகக் கிடக்கும், காம்பு வளைந்த எவர்சில்வர் ஸ்பூன். அதில் கும்பாச்சியாக அள்ளுவார். கொதி வந்ததும் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, இன்னும் அரை ஸ்பூன் போடுவார். இடையில் நிறுத்தி "அளந்து போடுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். அளக்கச் சொன்ன மாத்திரத்தில் கை கூச்சப்பட்டுவிடும், வழக்கமான அளவு மாறிவிடும். அதற்குப் பதில் டப்பாக்களை அடுப்பு பற்ற வைக்கும் முன்பு ஒருமுறையும் குழம்பு இறக்கிய பிறகு ஒருமுறையும் நிறுங்கள். பொடி டப்பா முன்பு 412 கிராம், பிறகு 388. அவர் போட்டது 24 கிராம். நல்லெண்ணெய்த் தூக்கு 655-லிருந்து 598-க்கு இறங்கியிருந்தால் 57 கிராம், ஏறக்குறைய 62 மில்லி. உப்பு ஜாடி, புளி டப்பா, வெல்லம் எல்லாவற்றுக்கும் இதே வழி. அவர் பாட்டுக்குச் சமைப்பார், கணக்கு தானாக வந்துவிடும்.

வெறும் வாணலியின் எடையையும் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். வாணலி 1,140 கிராம், இறக்கியபோது மொத்தம் 1,965 என்றால் குழம்பு 825 கிராம். 'சுண்டும் வரை கொதிக்கவிடவும்' என்ற வாசகத்துக்கு இனி எண் கிடைத்துவிட்டது. அடுத்த முறை வேறு வாணலி, வேறு அடுப்பாக இருந்தாலும் 825-ஐ நெருங்கும்போது இறக்கினால் போதும்.

இந்த எடையால் இன்னொரு லாபமும் உண்டு. உப்பை அதனால் வகுத்துப் பாருங்கள். சாம்பார், கூட்டு, ரசம் இவற்றில் மொத்த எடையில் 0.8 முதல் 1 சதவீதம் உப்பு இருக்கும். சாதத்தில் கொஞ்சமாக விட்டுப் பிசையும் வத்தக்குழம்பு, காரக்குழம்பு 1.2 முதல் 1.5 வரை போகும். யாரோ அனுப்பிய குறிப்பில் ஒரு கிலோ கூட்டுக்கு 2 டேபிள்ஸ்பூன் உப்பு என்று இருந்தால், தூள் உப்பு 36 கிராம், அதாவது 3.6 சதவீதம். வாயில் வைக்க முடியாது. டீஸ்பூனை டேபிள்ஸ்பூன் என்று எழுதிவிட்டார் என்பது அடுப்பு பற்ற வைக்காமலே தெரிந்துவிடும். உப்பை எப்போதும் கிராமில் எழுதுங்கள். ஒரு டீஸ்பூன் தூள் உப்பு 6 கிராம். கல் உப்பாக இருந்தால் கல்லின் பருமனைப் பொறுத்து 4-ம் வரும், 5-ம் வரும்.

கப், ஆழாக்கு, 'எலுமிச்சை அளவு'

அமெரிக்கக் குறிப்பில் கப் என்றால் 240 மில்லி. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானியக் குறிப்பில் 200, ரைஸ் குக்கருடன் வரும் பிளாஸ்டிக் கப்பில் 180. நம் வீட்டு 'கப்' பெரும்பாலும் காபி டம்ளர், அது 150-ஆகவும் இருக்கும், 200-ஆகவும் இருக்கும். டேபிள்ஸ்பூன் எல்லா ஊரிலும் 15 மில்லி என்று நினைக்கிறோம், ஆஸ்திரேலியாவில் 20. ஒரே குறிப்புக்குள் எல்லாம் ஒரே கப்பாக இருந்தால் விகிதம் காப்பாற்றிவிடும். கேக்கில் முட்டையும் கப்பும் கலந்து வரும்போதுதான் மாட்டிக்கொள்வோம்.

பாட்டி நோட்டில் பலம், சேர், வீசை என்று இருந்தால் அது மெட்ரிக் முறைக்கு முந்தைய பழக்கம். 1956-ல் சட்டம் வந்து, 1958 முதல் படிப்படியாகத்தான் கிலோவும் லிட்டரும் கடைத்தெருவுக்கு வந்தன. வீட்டுக்குள் நுழைய இன்னும் பல வருஷம் ஆனது. ஒரு பலம் சுமார் 35 கிராம், 8 பலம் ஒரு சேர், 40 பலம் ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. முகத்தலில் ஆழாக்கு 168 மில்லி, 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 8 ஆழாக்கு ஒரு படி என்பது பரவலான கணக்கு. ஆனால் படி ஊருக்கு ஊர் மாறும், பட்டணம் படி பெரியது. அந்தப் பழைய ஆழாக்கு வீட்டில் எங்கேயாவது கிடந்தால் தேடி எடுங்கள். தராசில் வைத்துத் தண்ணீர் நிரப்பி நிறுத்தால் எத்தனை கிராமோ அத்தனை மில்லி. அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதிவிட்டால் நோட்டு முழுக்கத் திறந்துகொள்ளும்.

'எலுமிச்சை அளவு புளி' 25 கிராமிலிருந்து 40 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கும். போதாக்குறைக்குப் புதுப்புளி, பழைய புளி வேறு. பழைய புளி கறுத்து, புளிப்பும் நிறமும் அடர்த்தியாக இறங்கும். 'ஒரு மூடி தேங்காய்' துருவினால் 100 கிராமும் வரும், 180-ம் வரும். வெளிநாட்டுக் குறிப்பில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். அவர்களுடைய ஒரு வெங்காயம் 200 கிராமைத் தாண்டும், நம்முடையது 80 முதல் 100. அவர்களுடைய மஞ்சள் நிற லெமன் ஒன்றில் 45 மில்லி சாறு வரும், நம் எலுமிச்சையில் 15 முதல் 25. 'இரண்டு லெமன்' என்று படித்து இரண்டு எலுமிச்சை பிழிந்தால் பாதி புளிப்புகூட வராது. முட்டையையும் ஓடு நீக்கிய எடையில் எழுதுங்கள். அமெரிக்கக் குறிப்பில் 'லார்ஜ்' என்றால் ஓடில்லாமல் 50 கிராம். இங்கே சாதாரணமாகக் கிடைப்பது அதைவிடச் சின்னது.

ஒரே பெயர், வேறு சாமான்

கார்ன்ஃபிளவர் என்றால் இந்தியாவிலும் இங்கிலாந்திலும் வெள்ளை மக்காச்சோள ஸ்டார்ச். அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்பது மஞ்சள் மக்காச்சோள மாவு. அமெரிக்கக் குறிப்பின் 'சில்லி பவுடர்' நம் மிளகாய்த்தூள் இல்லை, அதில் சீரகமும் பூண்டும் ஓரிகானோவும் கலந்திருக்கும். 2 டேபிள்ஸ்பூன் என்று பார்த்து நம் தூளை அள்ளிப் போட்டவர்களின் கதி சொல்லத் தேவையில்லை.

எண்ணெயில் ஒரு பெரிய குழி உண்டு. கொரிய, சீனக் குறிப்புகளின் எள்ளெண்ணெய் நன்றாக வறுத்த எள்ளில் எடுத்தது. கரும்பழுப்பாக இருக்கும், கடைசியில் மணத்துக்கு ஒரு டீஸ்பூன் விடுவது. நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது, தாளிக்கவும் வதக்கவும் ஆவது. ஒன்றுக்கு ஒன்று மாற்று ஆகாது. அவசரத்துக்கு வேண்டுமானால் 2 டீஸ்பூன் எள்ளைப் பொன்னிறத்துக்கு மேலேயே வறுத்து நுணுக்கி, 1 டீஸ்பூன் நல்லெண்ணெயில் குழைத்துக் கடைசியில் சேர்க்கலாம்.

கடலை மாவும் பொட்டுக்கடலை மாவும் வேறு வேறு. முன்னது பச்சை, வேக வேண்டும். பின்னது அப்படியே தின்னலாம். வடக்கத்திக் குறிப்பில் பேசன் என்று வந்தால் கடலை மாவுதான். கட்டிப் பெருங்காயமும் தூளும் ஒரே வீரியம் இல்லை. தூளில் மாவும் கோந்தும் பாதிக்கு மேல். புளிப்புக்குச் சேர்க்கும் கோகமும் குடம்புளியும் உறவுக்காரர்கள்தான், ஆனால் குடம்புளி புகை போட்டுக் காய வைத்தது. மீன் குழம்புக்கு அந்தப் புகை வாசனை வேண்டும், கொங்கணி சோல்கடிக்கு அது வந்தால் பானமே பாழ்.

பாலுக்கு வண்ணம் எழுதுங்கள். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. பால்கோவா, ரசமலாய்க் குறிப்புகளில் 'ஒரு லிட்டர் பால்' என்பது பெரும்பாலும் ஆரஞ்சைத்தான் குறிக்கும். அதேபோல் மேல்நாட்டுக் குறிப்பின் 'ஹெவி கிரீம்' 36 சதவீதக் கொழுப்பு. கடையில் டெட்ரா பாக்கில் வரும் ஃபிரெஷ் கிரீம் 25 அல்லது அதற்குக் குறைவு. அதை எத்தனை மணி நேரம் அடித்தாலும் எழும்பாது.

அயல்நாட்டுச் சாமானுக்கு அலைவதைப் பற்றி ஒரு வார்த்தை. வடநாட்டு மசாலா, அப்பளம், ராஜஸ்தானி காய்ந்த காய்களுக்கு சவுக்கார்பேட்டை மின்ட் தெரு. மொத்த மளிகைக்கு கோவிந்தப்ப நாயக்கன் தெரு. 1990-களின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார்த் தொழிற்சாலை வந்த பிறகு கொரியக் குடும்பங்களும் வந்தன, கொரியச் சாமான் இங்கே அரிதில்லை. வாங்கிய சாமானின் பாக்கெட்டைப் படம் எடுத்து குறிப்போடு வையுங்கள். அடுத்த முறை வேறு சாமான் வாங்கிவிட்டு 'போன தடவை வந்தது இப்போது வரவில்லை' என்று குழம்ப வேண்டாம்.

சென்னையின் சூடு குறிப்பில் ஏற வேண்டும்

குளிர் நாட்டுக் குறிப்புகள் இங்கே தோற்பதற்கு முதல் காரணம் இதுதான். 'வெண்ணெயை அறை வெப்பநிலையில் வைக்கவும்' என்று எழுதியவருடைய அறை 18 முதல் 21 டிகிரி. நம் அறை மே மாதத்தில் 33, 34. வெண்ணெய் உருகுவதே 32-ஐ ஒட்டித்தான். ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் எண்ணெயாகக் கிடக்கும். சர்க்கரையோடு அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைக்காது, கேக் தட்டையாக, அடியில் பிசுபிசுவென்று வரும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் துண்டு போட்டு 10 நிமிஷம் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், பளபளக்கக் கூடாது.

ரொட்டி மாவுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன், இது கைகொடுக்கும். பிசைந்த மாவு 26 டிகிரியில் இருப்பது நல்லது. 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதில் அறையின் சூட்டையும் மாவின் சூட்டையும் கழியுங்கள். இரண்டும் 33 என்றால் மிச்சம் 12. அதாவது 12 டிகிரித் தண்ணீர், ஃபிரிட்ஜ் தண்ணீர். குறிப்போ 'வெதுவெதுப்பான நீர்' என்று சொல்லும். வெயில் காலத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருவதே வெதுவெதுப்புக்கு மேல்! அதோடு ஈஸ்ட்டையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மாவு சீக்கிரம் எழும்பி, அடுப்புக்குப் போவதற்குள் அமுங்கி, புளித்த வாசனையோடு ரொட்டி வரும்.

இட்லி மாவையே பாருங்கள். 4 பங்கு இட்லி அரிசி, 1 பங்கு முழு உளுந்து, 1 டீஸ்பூன் வெந்தயம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். புளிக்கும் நேரத்தை 'இரவு முழுதும்' என்று முடித்துவிடுகிறார்கள். மே மாதத்தில் இங்கே 5, 6 மணி நேரத்தில் பொங்கி மேடை முழுக்க வழிந்துவிடும், மார்கழியில் 10 மணி நேரம் கேட்கும். எனவே மணியை எழுதாமல் அளவை எழுதுங்கள். மாவின் மட்டத்துக்குப் பாத்திரத்தின் வெளியே ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, ஒன்றரை மடங்கு உயர்ந்ததும் ஃபிரிட்ஜில் வைக்கவும் என்று எழுதினால் எந்த மாதத்துக்கும் பொருந்தும். கிம்ச்சிக்கும் இதே நியாயம். கோஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் உப்பு நின்றிருக்க வேண்டும். கொரியாவில் இரண்டு நாள் வெளியே வைப்பதை இங்கே 12 முதல் 24 மணி நேரத்தில் முடித்து உள்ளே தள்ளுங்கள்.

விசில் எண்ணிக்கையை நம்பாதீர்கள். அடுப்பு, குக்கரின் அளவு, உள்ளே இருக்கும் தண்ணீர் இவற்றைப் பொறுத்து 4 விசில் 6 நிமிஷத்திலும் வரும், 14 நிமிஷத்திலும் வரும். 'முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 8 நிமிஷம், பிறகு தானாக ஆவி அடங்கும் வரை' என்பது குறிப்பு. ஊட்டிக்காரரிடம் வாங்கிய குறிப்பென்றால் இன்னும் கவனம். சென்னை கடல் மட்டத்தில் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. ஊட்டியில் 92, 93-லேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அங்கே பருப்பு வேக ஆகும் நேரம் இங்கே தேவையில்லை.

தண்ணீரை யாரும் எழுதுவதே இல்லை. போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையில் துவரம்பருப்பு மணிக்கணக்கில் கிடந்தாலும் குழையாது, டீயின் மேல் ஏடு மாதிரி படலம் கட்டும், காபி சப்பென்று இருக்கும். 'அவங்க வீட்டுல குழையுது, எங்க வீட்டுல குழையல' என்றால் பருப்பைச் சந்தேகிக்கும் முன் கேன் தண்ணீரில் ஒருமுறை வேகவைத்துப் பாருங்கள்.

ஒரு குறிப்பு முழுதாக: அத்தோ

எழுதிய பிறகு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு சென்னைக்கே உரிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் பாரிமுனைப் பக்கம் போட்ட கடைகளால் ஊருக்கு அறிமுகமானது அத்தோ என்ற நூடுல்ஸ் பண்டம். பர்மிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் கையால் கலந்தது, பிசறியது என்று பொருள். அங்கே மீன் சாஸும் காய்ந்த இறாலும் சேர்வது வழக்கம். சென்னையில் பல கடைகளில் அவை போய்ப் புளித்தண்ணீர் தூக்கலாக நிற்கிறது. இதில் எது அசல் என்று பஞ்சாயத்து வைக்காமல் இரண்டையும் தனித்தனிக் குறிப்பாக, ஊர்ப் பெயரோடு எழுதி வையுங்கள். கீழே இருப்பது சென்னை வகை, இரண்டு பேருக்கு.

கோதுமை நூடுல்ஸ் 200 கிராம். கோஸ் 100 கிராம், மயிரிழையாக. பெரிய வெங்காயம் 200 கிராம், மெல்லிய நீளத் துண்டு. பூண்டு 25 கிராம், மெல்லிய வில்லை. கடலை எண்ணெய் 60 மில்லி. கடலை மாவு 15 கிராம். புளி 15 கிராம், 60 மில்லி வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்தது. இடித்த வறமிளகாய் 1 டீஸ்பூன். உப்பு 6 கிராம். கொத்தமல்லித்தழை, அரை எலுமிச்சை. மேலே நொறுக்கிப் போட பேஜோ (மொறுமொறுவென்ற பர்மியப் பருப்புப் பலகாரம்), கிடைக்காவிட்டால் தட்டை.

நூடுல்ஸை வேகவைத்து வடித்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, 1 டீஸ்பூன் எண்ணெய் பிசறித் தட்டில் பரப்பி முழுதாக ஆறவிடுங்கள். கடலை மாவைச் சிறு தீயில் 5, 6 நிமிஷம், பச்சை வாசனை போய்க் கடலை வாசனை வரும் வரை வறுங்கள். எண்ணெயில் பூண்டை முதலில் போட்டு வெளிர் பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள். அதன் சூட்டிலேயே இன்னும் ஒரு சாயல் சிவக்கும், கடாயிலேயே சிவக்கவிட்டால் கசக்கும். அதே எண்ணெயில் 150 கிராம் வெங்காயத்தை நடுத்தீயில் 12 நிமிஷம் முறுகலாகப் பொரியுங்கள். மீதி 50 கிராம் பச்சையாகவே போக வேண்டும். அந்த எண்ணெயைக் கொட்டாதீர்கள், அத்தோவின் உயிர் அதில் இருக்கிறது. அகன்ற பாத்திரத்தில் நூடுல்ஸ், கோஸ், பச்சை வெங்காயம், மாவு, உப்பு, மிளகாய், 3 டேபிள்ஸ்பூன் வெங்காய எண்ணெய், புளித்தண்ணீரில் முக்கால் பங்கு எல்லாவற்றையும் கையால் தூக்கித் தூக்கிப் பிசறுங்கள். ருசி பார்த்து மீதிப் புளி, எலுமிச்சை. பொரித்தவற்றையும் பேஜோவையும் பரிமாறும்போது மட்டும்.

எங்கே தவறும்: நூடுல்ஸ் சூடாக இருந்தால் கோஸ் வாடித் தண்ணீர் விட்டு எல்லாம் சொதசொதவென்று ஆகும். மாவு சரியாக வறுபடாவிட்டால் நாக்கில் பச்சை மாவு ஒட்டும். புளியைக் கரைக்க 60 மில்லிக்குப் பதில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டால் அது ரசத்தில் ஊறிய நூடுல்ஸ். இந்த மூன்று வரி இல்லாத குறிப்பு அரைக் குறிப்பு. யாரிடம் குறிப்பு வாங்கினாலும் "இது கெட்டுப்போனா எப்படிக் கெடும்?" என்று கேளுங்கள். அளவைச் சொல்லத் தடுமாறுபவர்கள்கூட இதற்குக் கொட்டுவார்கள்.

பானங்கள்

ஃபில்டர் காபியில் தொடங்கினால், 20 கிராம் பொடிக்கு நன்றாகக் கொதித்த 150 மில்லி தண்ணீர், 20 நிமிஷத்தில் சுமார் 110 மில்லி டிகாஷன். ஐந்தே நிமிஷத்தில் இறங்கிவிட்டால் பொடி கரடு. ஒரு மணி நேரம் ஆகியும் சொட்டிக்கொண்டே இருந்தால் பொடி மிக நைஸ், அல்லது தட்டை அழுத்திவிட்டீர்கள். சிக்கரி சதவீதத்தை மறக்காமல் எழுதுங்கள்; 20 சதவீதச் சிக்கரிக்குப் பழகிய வீட்டில் வெறும் காபிப்பொடி வாங்கினால் டிகாஷன் நீர்த்தது போல் தெரியும்.

நன்னாரி சர்பத்தில் பலரும் செய்யும் தவறு வேரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுவது. அந்த மணம் ஆவியோடு போய்விடும் வகை. 60 கிராம் வேரைக் கழுவி, நசுக்கி, உள்ளே இருக்கும் வெள்ளைக் கட்டை நரம்பை நீக்கி, தோலை மட்டும் எடுத்து, கொதித்து இறக்கிய 700 மில்லி தண்ணீரில் போட்டு மூடி 12 மணி நேரம் வையுங்கள். வடித்ததில் 540 மில்லி அளந்து, 1 கிலோ சர்க்கரை சேர்த்து, கரைந்து ஒரு கொதி வந்ததும் நிறுத்துங்கள். ஏன் இந்தக் குறிப்பிட்ட அளவு? சர்க்கரை மொத்தத்தில் 65 சதவீதம் இருந்தால்தான் வெளியே வைத்தாலும் பூஞ்சை பிடிக்காமல் நிற்கும். இனிப்பு அதிகம் என்று சர்க்கரையைக் குறைத்தால் தாராளமாகக் குறையுங்கள், ஆனால் ஃபிரிட்ஜில் வையுங்கள். எலுமிச்சையைப் பாட்டிலில் சேர்க்க வேண்டாம், டம்ளரில் கலக்கும்போது பிழியுங்கள்.

சோல்கடிக்குக் கோகம் 15 இதழை 200 மில்லி வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவைத்துப் பிழிந்து, 400 மில்லி தேங்காய்ப்பால், 2 பல் பூண்டு, 1 பச்சை மிளகாய், உப்பு. எல்லாம் ஆறிய பிறகே கலக்க வேண்டும், கலந்ததைச் சுடவைக்கவே கூடாது, திரிந்துவிடும்.

வடக்கே ஹோலிச் சமயத்தில் குடிக்கும் காஞ்சியை நம் கஞ்சி என்று நினைத்துவிடாதீர்கள். அது கேரட்டைப் புளிக்க வைத்த பானம். 2 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், 500 கிராம் கேரட், அங்கே போடும் கறுப்புக் கேரட்டின் நிறத்துக்காக ஒரு சின்ன பீட்ரூட், 25 கிராம் கடுகுப் பொடி, 30 கிராம் உப்பு, 1 டீஸ்பூன் மிளகாய்த்தூள். கண்ணாடி ஜாடியில் துணி கட்டி வைத்துத் தினமும் மரக்கரண்டியால் கிளறுங்கள். டெல்லிக் குளிரில் 4, 5 நாள் வெயிலில் வைப்பார்கள். இங்கே நிழலிலேயே 2 நாளில் புளித்துவிடும். மேலே மெல்லிய வெள்ளைப் படலம் வந்தால் வழித்து எடுத்துவிடலாம், பஞ்சு மாதிரியோ பச்சை, கறுப்பு நிறத்திலோ ஏதாவது முளைத்தால் மொத்தமும் கொட்ட வேண்டியதுதான். நுரைக்கும் பானம் எதையும் இந்த ஊர்ச் சூட்டில் கண்ணாடி பாட்டிலில் இறுக்கி மூடி வைக்காதீர்கள், வெடிக்கும். பிளாஸ்டிக் சோடா பாட்டில் என்றால் அமுக்கிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கல் போல் ஆனதும் ஃபிரிட்ஜுக்குள்.

அளவு சரியாக இருந்தும் ஆபத்தான குறிப்புகள்

சில குறிப்புகளை எழுதிக்கொள்ளும்போதே திருத்த வேண்டும். ராஜ்மாவை ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடச் சொன்னால் செய்யாதீர்கள். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குறைந்தது 10 நிமிஷம் தளதளவென்று கொதித்தால்தான் அதிலுள்ள நச்சுப் புரதம் அழியும். மந்தச் சூட்டில் அழியாது, வயிற்றைப் புரட்டிவிடும். பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு ஷெல்ஃபில் வைக்கும் இத்தாலிய பாணிக் குறிப்பும் அப்படித்தான். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் கொடிய நச்சை உண்டாக்கும் பொட்டுலிசம் கிருமி வளர இடம் கிடைக்கிறது. செய்தால் ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும். தேங்காய் சேர்ந்தது, வடித்த சாதம் இரண்டுக்கும் வெளியே இருக்கலாம் என்று எழுதியிருக்கும் நேரத்தை இங்கே 2 மணி நேரமாகச் சுருக்குங்கள்.

வைத்திருக்கும் விதம்

முன்னூறையும் ஒழுங்குபடுத்த உட்காராதீர்கள், சலித்துப்போகும். மாதம் நாலு போதும். ஒவ்வொன்றையும் முதல் முறை ஒரு மாற்றமும் இல்லாமல் செய்யுங்கள். 'காரம் பத்தாதே' என்று கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை ஒரே ஒரு மாற்றம். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மூன்றாவது முறையும் சரியாக வந்தால்தான் 'செய்து பார்த்தது' என்று குறியிடுங்கள். மற்றதெல்லாம் 'கேட்டது' என்ற தனிக் கட்டுக்குள் கிடக்கட்டும். யார் சொன்னது, எந்த ஊர், எந்த மாதம் செய்தது என்பதைத் தலைப்புக்குக் கீழேயே எழுதுங்கள்.

பாட்டி நோட்டைப் பிரதி எடுத்து எழுதும்போது 'தீயெ சன்னமா வெச்சு' என்று இருந்தால் அதை 'மிதமான தீயில்' என்று மாற்றி எழுதாதீர்கள். சன்னம் என்பது மிதத்தைவிடக் குறைவு. மாற்றினால் அல்வா அடிபிடிக்கும். பக்கங்களை நல்ல பகல் வெளிச்சத்தில், எண்ணெய்க் கறை உட்பட, படம் எடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். எண்ணெய்க் கறை அதிகமுள்ள பக்கங்கள் எவை என்று பாருங்கள். அந்த வீட்டில் அடிக்கடி செய்தது அவைதான், அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.